கடைசி பாலிஷ்: எம்205-ஆ, மென்சர்னா 3800-ஆ?

கீறல்களைத் தேய்த்து எடுக்கும் பசையான காம்பவுண்ட் போட்ட பிறகு கறுப்பு காரில் வெயில் பட்டால் மெல்லிய புகைமூட்டம் தெரியும். அதை எடுக்கத்தான் மெகுயர்ஸ் எம்205, மென்சர்னா 3800 என்ற இந்த இரண்டு பாலிஷ்களும். நகம் தட்டும் கீறலுக்கு இரண்டுமே உதவாது.

வெட்டு (பெயிண்டைத் தேய்த்தெடுக்கும் திறன்): எம்205 கொஞ்சம் கூடுதல். மைக்ரோஃபைபர் பேடில் லேசான சுழல் கோடுகளையும் எடுத்துவிடும். 3800 பளபளப்புக்கு மட்டும்.

துகள் (பாலிஷில் உள்ள தேய்க்கும் நுண்பொடி): எம்205-இன் துகள் தேயாது, அளவு மாறாது; எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். 3800-இன் துகள் தேயத் தேயத்தான் மெருகு வரும். பாதியில் நிறுத்தினால் மூட்டம் அப்படியே நிற்கும். அவசரக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்.

துடைப்பு: 3800 சுலபம். எம்205-இல் எண்ணெய் அதிகம். சூடான பானட்டில் பிசுபிசுக்கும், கோடுகளை மறைத்தும் காட்டும். பாதி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பாதி தண்ணீர் கலவையால் துடைத்துப் பார்க்காமல் வேலை முடிந்ததாக நம்பவே கூடாது.

முறை ஒன்றுதான். 5 அங்குல மென் ஃபோம் பேடில் பட்டாணி அளவு 3 சொட்டு, 2 அடி சதுரம், டிஏ மெஷின் (சுழன்றுகொண்டே வட்டமாக அசையும் பாலிஷ் இயந்திரம்) வேகம் 4. நிழலில், குறுக்கும் நெடுக்குமாக 4 சுற்று, 3800-க்கு 6. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த துகள் ஒட்டிய பேடே புதுக் கோடு போடும்.

ஒரே பாட்டிலில் கோடும் போக வேண்டும், பளபளப்பும் வேண்டும் என்றால் எம்205. காம்பவுண்ட் வேலை சுத்தமாக முடிந்த அடர்நிற கார் என்றால் 3800. வெள்ளை காருக்கு வித்தியாசமே தெரியாது. மலிவாகக் கிடைப்பதை வாங்குங்கள்.