ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்து பனியாறு பார்த்த கதை: ஆறு வருடத்துக்கு மேலான அனுபவம்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் போனது, யார் கடன் சொன்னார், யார் பழைய பாக்கியைத் தீர்த்தார், இதுதான் என் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் கேட்கவும் ஆள் வராது. 2019 தடைக்காலத்தில் பொழுது போகாமல்தான், செயற்கைக்கோள் படத்தில் இமயமலைப் பனியாறுகளை, அதாவது மலையில் மெல்ல நகரும் பெரிய ஐஸ் திரள்களை, பார்க்க ஆரம்பித்தேன். மார்கழிக் காலையில் புல் நுனியில் இருக்கும் பனியைத் தவிர வேறு பனியை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஐஸ் எப்படிக் கரையும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அது பிற்பாடு உதவியது.

ஒரு பழைய லேப்டாப், செல்போன் நெட். செலவு அவ்வளவுதான், படம் எல்லாமே இலவசம். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் எடுக்கும் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். 2017இல் இரண்டாவது செயற்கைக்கோளும் மேலே போன பிறகு ஐந்து நாளுக்கு ஒரு படம் வருகிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அதன் வரிசை 1972இல் தொடங்குகிறது, 2008இலிருந்து யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். பழங்கதைக்கு லேண்ட்சாட், இன்றைய நிலவரத்துக்கு சென்டினல். 2023க்குப் பிறகு கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்திலேயே பெரும்பாலும் பார்க்கிறேன். போனில் பார்க்காதீர்கள், கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு. முழுப் படத்தையும் இறக்கினால் பல நூறு எம்பி போய்விடும். தளத்திலேயே பார்த்து, வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

முதல் வருடம் நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கங்கை பிறக்கும் கங்கோத்ரிப் பனியாற்றை எடுத்தேன். ஒரு வருடத்து மே மாதப் படம், இன்னொரு வருடத்து அக்டோபர் படம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலாவதில் மலையெல்லாம் வெள்ளை. இரண்டாவதில் பாதிக்கு மேல் பழுப்பு. 'பாதி கரைந்துவிட்டது' என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் அழுகை முகம் போட்டார்கள்.

அதே வாரத்தில் மாமா ஒருவர் வந்தார். சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கும் சம்மாட்டி. அவரிடம் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் இருக்கும் மணல்திட்டுகளின் இரண்டு வருடப் படங்களைக் காட்டி, 'பாருங்க மாமா, திட்டு எவ்வளவு சின்னதா ஆயிருச்சு' என்றேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: 'மாப்ள, இது வத்தத்துல எடுத்ததா, ஏத்தத்துல எடுத்ததா?'

என்னிடம் பதில் இல்லை. வற்றத்தில் வெளியே தெரியும் திட்டு ஏற்றத்தில் தண்ணீருக்குள் போகும். அதை வைத்துத் திட்டு தேய்ந்தது, வளர்ந்தது என்று சொன்னால் கடற்கரையில் சிரிப்பார்கள். பனியாற்றிலும் நான் அதைத்தான் செய்திருந்தேன். மே மாதத்தில் மலையில் கிடக்கும் வெள்ளையில் பெரும்பகுதி அந்தக் குளிர்காலத்தில் விழுந்த பனி. அது விழும், கரையும். பனியாறு அதற்கு அடியில் இருக்கும் பழைய ஐஸ். கோடை முழுக்கக் கரைந்து முடித்து, புதுப்பனி விழுவதற்கு முன் செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதலில் எடுத்த படம்தான் ஒப்பிட லாயக்கானது. வாட்ஸ்அப்பில் போட்டதை அழிக்கப் போனேன், நேரம் கடந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன், அதற்கு ஒருவரும் அழுகை முகம் போடவில்லை.

இதனால்தான் கூகுள் எர்த் டைம்லாப்ஸ் போன்ற ஓட்டப்படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட மட்டும் வைத்திருக்கிறேன். பல படங்களில் மேகமில்லாத துண்டுகளைக் கோத்து வருடத்துக்கு ஒரு படமாகத் தைத்தது அது. பார்க்க அழகு, ஆனால் எந்த மாதத்துப் பனி என்று அதில் தெரியாது.

அடுத்து மேகம். மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. இதற்குத்தான் குற்றலை அகச்சிவப்பு என்ற அலைவரிசை. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியில் பனி கறுத்துவிடும், மேகம் பெரும்பாலும் வெளுப்பாகவே நிற்கும். பச்சை ஒளியிலிருந்து இதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு எண் வரும். பொதுவாக அது 0.4க்கு மேல் இருந்தால் பனி. தளத்திலேயே இதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, கணக்கு நாம் போட வேண்டாம். நான் ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தேன், கணக்குப்பிள்ளை புத்தி.

ஆனால் இந்தச் சூத்திரம் கங்கோத்ரியின் கீழ்ப்பகுதியில் ஏமாற்றும். அங்கே பனியாற்றின் மேல் கல்லும் மண்ணும் போர்வை மாதிரி மூடிக் கிடக்கிறது. சூத்திரம் அதைத் தரை என்றே சொல்லும். இந்த இடத்தில்தான் ஐஸ் கம்பெனி அனுபவம் கைகொடுத்தது. ஐஸ் பாரை மரத்தூள் போட்டு கனமாக மூடினால் வெயிலில் தாங்கும். மேலே லேசாக அழுக்கு மட்டும் படிந்தால் சுத்தமான பாரைவிடச் சீக்கிரம் கரையும், கருப்பு நிறம் வெயிலை வாங்கிக்கொள்வதால். பனியாற்றிலும் அப்படியே: சில செண்டிமீட்டருக்கு மேல் கனத்த கற்போர்வை ஐஸைக் காக்கும், மெல்லிய தூசி கரைக்கும். ஆகவே 'மேலே அழுக்கு, அப்போ செத்த பனியாறு' என்று நினைக்காதீர்கள்.

போர்வைக்கு அடியில் ஐஸ் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க நான் செய்வது இது: மூன்று நான்கு வருட இடைவெளியில் அதே மாதத்து இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். பனியாறு நகரும் பொருள், அதன் மேல் கிடக்கும் கல்லும் சேர்ந்து நகரும். அசைவது பனியாறு, அசையாதது மலை. பனியாற்றின் முனையான கோமுக்கில், கங்கையின் தலைநதியான பாகீரதி வெளிவரும் ஐஸ் சுவர் கூடுதல் அடையாளம். முதல் தடவை அந்தக் கற்கள் நகர்வது கண்ணில் பட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, அளக்க முடியுமா? முடியும், அவசரப்படக் கூடாது. கங்கோத்ரியின் முனை சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 20 மீட்டர் பின்வாங்குவதாகச் சொல்கிறார்கள். சென்டினல் படத்தில் அது இரண்டே புள்ளி. லேண்ட்சாட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் கோடு போடும்போது கை தவறுவதே ஒன்றிரண்டு புள்ளி இருக்கும். எனவே 'இந்த வருடம் எவ்வளவு குறைந்தது' என்ற கேள்விக்கு இந்தப் படம் பதில் சொல்லாது. பத்து வருடம் தள்ளிக் கேளுங்கள், தெளிவாகச் சொல்லும். யாராவது ஒரே வருடத்துப் படத்தைக் காட்டிக் கத்தினால் நான் இப்போதெல்லாம் மாமா கேள்வியைத்தான் கேட்கிறேன்.

ஆறு வருடத்தில் என்னை உலுக்கியது 2023 அக்டோபர். சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனியாற்று ஏரி உடைந்து டீஸ்டா நதியில் வெள்ளம் பாய்ந்து, சுங்தாங் அணையே போனது. அதற்கு முன் அந்த ஏரியை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மழைக்காலம் முழுக்கப் படத்தில் மேகம்தான். மேகத்தைத் துளைத்துப் பார்ப்பது ரேடார். இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட கணக்கு: செப்டம்பர் 17இல் ஏரி 162.7 ஹெக்டேர், 28இல் 167.4, அக்டோபர் 4இல் 60.3. மூன்று எண், அவ்வளவுதான். எங்கள் கணக்கு நோட்டில் ஒரே ராத்திரியில் ஸ்டாக் இப்படி இறங்கியிருந்தால் போலீசுக்குப் போயிருப்போம்.

அதற்குப் பிறகு ரேடார் படிக்கக் கற்றுக்கொண்டேன். அமைதியான தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும். காற்றடித்து அலை எழும்பினால் வெளுக்கும். இதைப் பழகியது நம் கடலில்தான்: மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் நாளில் மன்னார் வளைகுடா வெளுத்தும், தீவுகளின் மறைவில் இருக்கும் தண்ணீர் கறுத்தும் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம், பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

ஊரில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: அங்கே கரைந்தால் தனுஷ்கோடி மூழ்குமா? மேலிருந்து பார்க்கும் படம் பரப்பைத்தான் காட்டும், கனத்தைக் காட்டாது. பார் ஒன்று நீள அகலம் அப்படியே இருக்க உயரத்தில் இளைப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோமே, அந்த மாதிரி. கனத்தை அளக்க வேறு வகைப் படம் வேண்டும். 2021இல் வெளியான ஓர் ஆய்வு அப்படி உலகின் எல்லாப் பனியாறுகளையும் அளந்தது: 2000 முதல் 2019 வரை ஆண்டுக்கு 267 பில்லியன் டன் இழப்பு. கடலில் அது ஆண்டுக்கு முக்கால் மில்லிமீட்டர், அந்தக் காலத்துக் கடல்மட்ட உயர்வில் ஐந்தில் ஒரு பங்கு. நகக்கனம்கூட இல்லை. ஆனால் வருடா வருடம். அதே சமயம், நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கியதை இந்தக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதற்கு முக்கியக் காரணம் பவளப்பாறையை வெட்டி எடுத்தது.

குறைகள்? முதலில் பயன்படுத்திய ஒரு தளம் நான் குறித்து வைத்த இடங்களையெல்லாம் ஒரு மாற்றத்தில் தொலைத்துவிட்டது. அன்றிலிருந்து இடம், தேதி எல்லாம் நோட்டில் எழுதுகிறேன். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தாழ்ந்து, செங்குத்தான வடக்குச் சரிவுகள் நிழலில் இருண்டு கிடக்கும். செயற்கைக்கோள் எப்போதும் காலை பத்தரை மணி வாக்கில்தான் கடக்கும், நிழலைக் குறைக்க வழியில்லை. 2003 மே மாதத்துக்குப் பிந்தைய லேண்ட்சாட்-7 படங்களில் ஓர் உறுப்புப் பழுதால் கறுப்புக் கோடுகள் விழும். அவற்றை ஒதுக்கிவிட்டு லேண்ட்சாட்-5ஐத் தேடுங்கள்.

இமயமலையில் வானம் தெளியும் அக்டோபரில்தான் எங்கள் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். மணல்திட்டுப் படமெல்லாம் மேகத்துக்கு அடியில் போய்விடும். அதனால் திட்டுகளைத் தடைக்காலத்தில் பார்க்கிறேன், பனியாற்றை அக்டோபரில். மாமா இப்போதும் வருகிறார். திட்டுப் படத்தைத் திறந்தால் முதலில் ஓரத்தில் எழுதியிருக்கும் வற்ற நேரத்தைப் படித்துவிட்டு, தலையை ஆட்டுகிறார்.