ஆலை நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள ஏஐ: கிளவுடா, ஜாபிக்ஸா, ஏஜென்ட்டா?

கோவை, திருப்பூர் பக்கத்து நடுத்தர நிறுவனத்தின் நெட்வொர்க் பெரும்பாலும் ஒரே அச்சுதான். அலுவலகம் அவிநாசி சாலையில், மில் சோமனூர்ப் பக்கம், இன்னொரு யூனிட் பெருந்துறை சிப்காட்டில். ஃபயர்வால் ஒரு கம்பெனி, சுவிட்சுகள் மூன்று கம்பெனி, நடுவில் நாலைந்து மைக்ரோடிக் ரவுட்டர். இது போக, மேஜைகளுக்கு அடியில் யாரோ அவசரத்துக்கு வாங்கிப் போட்ட எட்டு போர்ட் சுவிட்சுகள். இவ்வளவையும் பார்க்க ஐடி ஆள் ஒருவர், மிஞ்சினால் இருவர், மீதிக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்). மூன்று ஷிப்ட் ஓடும் இடத்தில் ராத்திரி "ஏனுங்கண்ணா, நெட் போச்சுங்க" என்று போன் வருவது அந்த ஒருவருக்குத்தான்.

இப்போது அவருக்கு உதவ ஏஐ வந்திருக்கிறது. வழி மூன்று. சுவிட்ச், வைஃபை விற்கும் கம்பெனியே தன் கிளவுடில் வைத்துத் தரும் அசிஸ்டென்ட் ஒன்று. ஜாபிக்ஸ் மாதிரி, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் இலவச மென்பொருளை நாமே நிறுவி, அதன்மேல் ஒரு ஏஐ மாடலை உட்கார வைப்பது இரண்டாவது. கருவிகளின் பாஸ்வேர்டையே கொடுத்து, பழுதைப் பார்த்துச் சரியும் செய்யச் சொல்லும் ஏஜென்ட் மூன்றாவது. டெமோவில் மூன்றும் நன்றாகத்தான் இருக்கும். அதனால் நம்ம ஊரில் அடிக்கடி வரும் ஒரு பழுதை மூன்றிடமும் கொடுத்துப் பார்ப்போம்.

பேக்கிங் செக்‌ஷனில் பெருக்க வந்தவர் தொங்கிக்கொண்டிருந்த பேட்ச் கார்டைப் பார்த்து, நல்ல மனசோடு அதே எட்டு போர்ட் சுவிட்சில் செருகிவிடுகிறார். ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே சுவிட்சில். லூப். எல்லாக் கருவிக்கும் என்று போகும் பிராட்காஸ்ட் சேதிகள் அதில் சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் வெள்ளம். ஈஆர்பி நிற்கிறது, பார்கோடு ஸ்கேனர் நிற்கிறது, லாரி வாசலில் நிற்க ஈ-வே பில் போட முடியவில்லை.

முதலில் கம்பெனி கிளவுட். ஜூனிப்பர் மிஸ்ட்டின் மார்விஸ் என்ற அசிஸ்டென்ட் இதில் பழைய கை. மிஸ்ட்டை ஜூனிப்பர் 2019-ல் வாங்கியது, ஜூனிப்பரையே எச்பிஇ 2025-ல் வாங்கிவிட்டது. மோசமான கேபிள், விடுபட்ட விலான் (நெட்வொர்க்கின் உட்பிரிவு), பதில் தராத டிஎச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரி தருவது) போன்றவற்றைக் கேட்காமலே கண்டுபிடித்துப் பட்டியல் போடும். சிஸ்கோ மெராக்கியிலும் அருபா சென்ட்ரலிலும் இதே போக்குதான். மொத்தமும் ஒரே கம்பெனி கருவியாக இருந்தால் நம் லூப்பை எந்தச் சுவிட்சின் எந்தப் போர்ட் என்பது வரை சொல்லிவிடும். சரவணம்பட்டியில் புது ஐடி அலுவலகம் போடுகிறவர் இதையே வாங்கலாம், தப்பில்லை.

மில்லுக்கு வந்தால் கதை வேறு. இந்த அசிஸ்டென்ட் தன் வீட்டுக் கருவிகளைத்தான் ஆழமாகப் பார்க்கும். மைக்ரோடிக்குக்குப் பின்னால் நடப்பது அதற்கு இருட்டு. வெள்ளத்தில் இன்டர்நெட் லைனும் திணறினால் கிளவுடுக்குச் சேதியே போகாது. 'சைட் ஆஃப்லைன்' என்று மட்டும் காட்டும். அதை போனிலேயே சொல்லிவிட்டார்களே! உரிமக் கணக்கும் உண்டு. எல்லா உரிமமும் ஒரே நாளில் முடியும் மெராக்கியின் கோ-டெர்ம் முறையில் உரிமம் காலாவதியாகி 30 நாள் தாண்டினால் கருவியே வேலை செய்யாது. பேமென்ட் பார்ட்டியிடமிருந்து 90 நாள் கழித்து வரும் ஊரில் இதை யோசித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டாவது வழியில்தான் பேச நிறைய இருக்கிறது. ஜாபிக்ஸ் 2001-லிருந்து இருக்கிறது, இலவசம். சும்மா கிடக்கும் ஒரு பழைய சர்வர் போதும். எஸ்என்எம்பி (கருவிகள் தம் நிலையைச் சொல்லும் பொது மொழி) பேசும் கருவி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மில்லுக்கு உள்ளேயே இருப்பதால் வெளி லைன் போனாலும் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும். நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் ஒன்று மேலே இருந்தால், ஒரே மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) மேலே போகும் அப்லிங்கிலும் 14-ஆம் போர்ட்டிலும் மாறி மாறித் தெரிவதாக அதன் லாகில் (நிகழ்வுப் பதிவில்) வரி வரியாகக் கொட்டும். அந்த நூற்றுக்கணக்கான வரிகளைப் படித்து, "14-ஆம் போர்ட்டுக்குக் கீழே லூப் இருக்க வாய்ப்பு, முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்" என்று இரண்டு வரியில், தமிழிலேயே சொல்வது ஏஐயின் வேலை. இதை அது நன்றாகவே செய்கிறது. ராத்திரி ஷிப்ட் சூப்பர்வைசரே அந்த ஒயரைக் கழற்றிவிடலாம்.

ஆனால் 14-ஆம் போர்ட் எங்கே போகிறது என்று அதற்கு யார் சொன்னது? நாம் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. ஜாபிக்ஸில் ஒவ்வொரு கருவிக்கும் குறிப்பு எழுத இடமிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அது காலி. "ப்ளோ ரூம் சுவிட்ச், ஃபேனில் பஞ்சு சேரும், மாசம் ஒருதடவை ஏர் அடிக்கணும்" என்று அங்கே எழுதியிருந்தால், வெப்பம் ஏறும்போது ஏஐ "ஏர் அடித்துப் பாருங்கள்" என்று சொல்லும். எழுதாவிட்டால் "ஃபேன் பழுது, மாற்றவும்" என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருக்கும். விலை உயர்ந்த மாடலுக்கு மாறுவதைவிட ஐடி ஆள் ஒரு வாரம் உட்கார்ந்து இந்தக் குறிப்புகளை நிரப்புவது அதிகம் பலன் தரும் என்பது என் கணிப்பு. அப்புறம், "அலர்ட் மழையை ஏஐ குறைக்கும்" என்று விற்கிறார்களே, அதில் பாதி ஜாபிக்ஸின் டிரிகர் டிபென்டன்சியிலேயே முடிந்துவிடும். மேல் சுவிட்ச் விழுந்தால் கீழே இருக்கும் முப்பதுக்கும் அலர்ட் வேண்டாம் என்று சொல்லி வைக்க ஏஐ எதற்கு?

மாடலை எங்கே ஓட்டுவது? 4-பிட்டுக்குச் சுருக்கிய 800 கோடி அளவுரு மாடல் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டில் அடங்கிவிடும். லாகைச் சுருக்கிச் சொல்ல அது போதும். படிப்படியாகத் துருவ வேண்டிய சிக்கலுக்குப் பெரிய கிளவுட் மாடல்தான். அங்கே கான்ஃபிக் (கருவியின் அமைப்புகள்) அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7-ல் அதை எக்ஸ்போர்ட் எடுத்தால் பாஸ்வேர்டுகள் தானாக மறைந்திருக்கும், 6-ல் மறைக்கச் சொன்னால்தான் மறையும். 6-ல் ஓடும் பெட்டிகள் இன்னும் எத்தனையோ மில் மூலைகளில் இருக்கின்றன.

ஏஐ தரும் சுருக்கத்தை லாக் என்று நினைத்து மூல லாகை அழித்துவிடவும் கூடாது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் நாட்டுக்குள் இருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஏஜென்ட். நம் லூப்பை இது கண்டுபிடித்து, 14-ஆம் போர்ட்டை அணைத்து, "சரியாகிவிட்டது" என்று வாட்ஸ்அப் அனுப்பிவிடும். கேட்கச் சுகம்தான். ஆனால் சுவிட்சில் லூப் ப்ரொடெக்ட் என்ற வசதியை ஏற்கெனவே ஆன் செய்திருந்தால் அதே போர்ட்டைச் சுவிட்சே அணைத்திருக்கும், கூடுதல் செலவில்லாமல். ஏஜென்ட் தேவைப்படுவது இதைவிடக் கடினமான இடத்தில். அங்கேதான் அதை நம்புவதும் கடினம். மைக்ரோடிக்கில் பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் முறை) கட்டளைகள் ரவுட்டர்ஓஎஸ் 6-லிருந்து 7-க்கு மாறும்போது அடியோடு மாறிவிட்டன. மாடல்கள் இரண்டையும் கலந்து எழுதுவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். தப்பான கட்டளையைக் கருவி ஏற்காது, சரி. சரியான கட்டளையைத் தப்பான இடத்தில் போட்டால்? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்கக் காணாமல் போனது, பராமரிப்பின்போது போட்ட ஒரு கட்டளையால். அதைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை இருந்தது. அவர்களிடம் ஆளும் கருவியும் இருந்தும் அந்தக் கதி.

இன்னொரு ஓட்டை பலர் கண்ணில் படுவதில்லை. ஏஐ படிக்கும் லாகில் வெளியாள் எழுத முடியும். தோற்றுப்போன லாகின் முயற்சியின் பயனர் பெயர் லாகில் அப்படியே பதிவாகும். பக்கத்தில் யாராவது போடும் வைஃபை பெயர், 32 பைட் வரை, எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பெயரிலேயே ஒரு கட்டளையை எழுதி வைத்தால், படிக்கும் மாடல் அதை நம் சொல்லாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. பார்க்க மட்டும் உரிமை உள்ள அசிஸ்டென்ட் ஏமாந்தால் தப்பான அறிக்கை வரும். பாஸ்வேர்டு வைத்திருக்கும் ஏஜென்ட் ஏமாந்தால் ஃபயர்வால் திறக்கும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவனுக்கும் பக்கத்து சீட்டில் வழி சொல்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆகவே பல கம்பெனி கருவிகள் கலந்து கிடக்கும் மில்லுக்கும் எக்ஸ்போர்ட் யூனிட்டுக்கும் நான் சொல்வது இரண்டாவது வழி, எஸ்என்எம்பியின் பாதுகாப்பான வி3 பதிப்பில் படிக்க மட்டும் உரிமையோடு. ஏஜென்ட்தான் வேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால், தானாகத் திரும்பும் வசதி உள்ள கருவிகளில் மட்டும் தொடங்கச் சொல்லுங்கள். ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' போட்டால், மறுபடி உறுதி செய்யாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய நிலைக்கே போய்விடும். மைக்ரோடிக்கின் சேஃப் மோட், இணைப்பு அறுந்தால் மாற்றத்தை விலக்கிவிடும். அந்த உறுதியை ஏஜென்ட் தானே கொடுக்கக் கூடாது, ஆள்தான் கொடுக்க வேண்டும். ஏஜென்ட்டுக்கென்று தனி யூசர்நேமும் போடுங்கள். அட்மின் கணக்கையே ஏஎம்சி ஆளும் ஏஜென்ட்டும் பகிர்ந்துகொண்டால், மறுநாள் காலையில் அந்த மாற்றத்தைச் செய்தது யார் என்று லாகைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஏஎம்சிக்காரர் ஏஜென்ட்டைக் கைகாட்டுவார், ஏஜென்ட் விற்றவர் ஏஎம்சியைக் கைகாட்டுவார்.