99 சதவீத ஐபிஏ: பால் குடித்த இண்டக்‌ஷன் அடுப்புக்கு எடுபட்டதா?

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர்கள் ஐபிஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் வாங்கியது 99 சதவீதம், அரை லிட்டர் பாட்டில். சமையலறைச் சாதனம் எதுவாவது நனைந்துபோனால் இது உதவுமா என்று கேட்டால், உதவும். ஆனால் கழுவுவதற்கு என்று நினைத்து வாங்காதீர்கள். இது உலர்த்துகிற சாமான். பாட்டிலில் 'சர்க்யூட் போர்டைச் சுத்தம் செய்ய' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள், அது பாதிதான் உண்மை.

எங்கள் இண்டக்‌ஷன் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கண்ணாடித் தட்டின் ஓரமெல்லாம் சிலிகான் வைத்து அடைத்திருப்பதால் அந்த வழியாக ஒன்றும் இறங்கவில்லை. பொத்தான்களின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது, அங்கேதான் புகுந்திருக்கிறது. மேடையில் தேங்கியதில் கொஞ்சத்தை அடியில் சுழலும் காற்றாடியும் உள்ளே தெறித்துவிட்டது. அப்புறம் அடுப்பு தானாகவே பீப் அடிக்கும், தானாகவே சூட்டை ஏற்றும், அணைக்கச் சொன்னால் கேட்காது. பால் காய்ந்தாலும் அதிலுள்ள சர்க்கரையும் உப்புகளும் போகாது. ஈரக்காற்று பட்டால் அந்தப் படலம் மின்சாரத்தைக் கசியவிடும், யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள் என்று அடுப்பு நினைத்துக்கொள்ளும்.

இந்த மாதிரி நேரத்தில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. அரிசி மூட்டைக்குள் வை என்றார் ஒருவர். அரிசி ஈரத்தை ஒன்றும் பெரிதாக உறிஞ்சிவிடாது, தூளும் மாவும் உள்ளே போய்ச் சேர்வதுதான் மிச்சம். ஐபோனை அரிசியில் போடாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் எழுதி வைத்தது. என் தங்கை நெயில் பாலிஷ் ரிமூவரைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் அசிட்டோன் இருந்தால் பாதிப் பிளாஸ்டிக் கரைந்துவிடும், உள்ளே கொண்டுபோய் வை என்று சொல்லிவிட்டேன்.

போர்டில் ஊற்றுவதற்கு முன் ஒரு தட்டில் பாலைக் காயவிட்டு அதன் மேல் இந்த ஐபிஏவை ஊற்றிப் பார்த்தேன். கறை அசையவில்லை. பாலின் சர்க்கரை ஆல்கஹாலில் ஏறக்குறையக் கரைவதே இல்லை, புரதமோ ஆல்கஹால் பட்டதும் திரிந்து இன்னும் இறுகிக்கொள்கிறது. அதே கறையில் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுத் தேய்த்தால் உடனே கிளம்பிவிட்டது. பாட்டிலில் எழுதாமல் விட்டது இதைத்தான். பால், பழச்சாறு, சர்க்கரை போட்ட காபி, உப்புத் தண்ணீர் எது கொட்டினாலும் முதலில் தண்ணீர், அதற்குப் பிறகுதான் ஐபிஏ. தண்ணீர் என்றால் குழாய்த் தண்ணீர் அல்ல, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டர். குழாய்த் தண்ணீர் தன் உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான் என்றால் நேரடியாக ஐபிஏவே போதும், அதை நன்றாகவே எடுக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இண்டக்‌ஷன் அடுப்பைக் கழற்றத் தெரியாதவர்கள் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் மிச்சமிருக்கலாம். காத்திருந்து, மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இன்னொன்று, பல அடுப்புகளில் பொத்தான் போர்டு 5 வோல்ட்டில் ஓடினாலும் அது வீட்டு மின் இணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. '5 வோல்ட்தானே' என்று மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பிளக்கைச் செருகிச் சோதிப்பது உயிரோடு விளையாடுவது.

சரி, வேலைக்கு வருவோம். பொத்தான் போர்டைத் தனியாகக் கழற்றி, டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த மெல்லிய டூத் பிரஷால் தேய்த்தேன். சின்னப் பொத்தான் ஸ்விட்சுகளுக்குள்ளும் பால் போயிருந்ததால் தண்ணீர் விட்டு ஒவ்வொன்றையும் பலமுறை அழுத்தி விடுவித்தேன். கலங்கலாக வந்தது தெளியும்வரை இதே வேலைதான். பஞ்சு வேண்டாம், அதன் நார் ஸ்விட்ச் கால்களில் சிக்கி உயிரை வாங்கும்.

ஐபிஏவின் வேலை இதற்குப் பிறகுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரோடு எந்த அளவிலும் கலந்துவிடும், சில்லுகளுக்கு அடியில் விரலோ துணியோ போகாத இடத்தில் ஒளிந்திருக்கும் ஈரத்தையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு வெளியே வரும். அது கொதிப்பது சுமார் 82 டிகிரி செல்சியஸில். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அந்தக் கலவை அதைவிடவும் சற்றுக் குறைவான சூட்டிலேயே கொதிக்கும், அதனால் சிறிதளவு ஈரம் என்றால் ஆல்கஹாலோடு சேர்ந்தே ஆவியாகிவிடும். போர்டில் ஊற்றி, சாய்த்து வடித்து, மறுபடி ஊற்றினேன். வெள்ளைத் திட்டு எதுவும் விழவில்லை. ஹேர் டிரையரின் சூட்டுக்கு வேலையே வரவில்லை.

99 சதவீதம்தான் வேண்டுமா? 70 சதவீதம் ஊசி போடும் முன் தோலைத் துடைக்க நல்லது. அதில் மீதி பெரும்பாலும் தண்ணீர், உலர்த்த வந்தவனே ஈரத்தோடு வந்தால் எப்படி? 90க்கு மேல் எது கிடைத்தாலும் சமாளிக்கலாம். சானிடைசர் மட்டும் கூடவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கிருமிநாசினிச் செய்முறையிலேயே 1.45 சதவீதம் கிளிசரால் உண்டு. கைக்கு அது இதம், போர்டுக்குப் பிசுபிசுப்பு.

ஐபிஏ படக்கூடாத இடங்களும் இருக்கின்றன. கண்ணாடித் தட்டுக்கு அடியில், கம்பிச் சுருளின் நடுவே சூட்டை அறியும் சென்சார் ஒன்று வெள்ளைப் பசையோடு உட்கார்ந்திருக்கும். அந்தப் பசையை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டால் பாத்திரத்தின் சூடு அடுப்புக்குச் சரியாகத் தெரியாது. காற்றாடியின் அச்சில் விட்டால் எண்ணெயைக் கழுவிவிடும், இறக்கைகளை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அக்ரிலிக் மாதிரியான தெளிந்த பிளாஸ்டிக்கில் பட்டால் மெல்லிய விரிசல்கள் விழும். பொத்தான் தாளில் அச்சடித்த எழுத்தும் அழியும். 'டைமர்' என்ற எழுத்து இப்போது எங்கள் அடுப்பில் பாதிதான் இருக்கிறது.

பாட்டிலின் மேல் எனக்குள்ள நிஜமான கோபம் அதன் மூடி பற்றியது. இவ்வளவு வேகமாக ஆவியாகும் திரவத்துக்கு ஊசிமுனை மாதிரி ஒரு குழாய் கொடுத்திருக்க வேண்டாமா? அகன்ற வாய், தளர்ந்த மூடி. சாய்த்தால் கொட்டுகிறது, மூடி வைத்தாலும் வாடை வருகிறது. சும்மா வாடையோடு போகிற விஷயம் இல்லை இது. சுமார் 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். இந்த எச்சரிக்கையைப் பாட்டிலின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் வேலை முழுவதையும் மொட்டைமாடியில் வைத்துக்கொண்டேன், எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் இதைத் திறக்கவே கூடாது. வெறுங்கையால் பிடித்தால் தோலும் வறண்டு வெளுத்துவிடுகிறது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். மூடிக்காக ஒன்று, 'முதலில் தண்ணீர்' என்று எழுதாததற்காக அரை. அடுத்த முறை கால் லிட்டர் பாட்டில்தான் வாங்குவேன், ஒரு போர்டுக்கு அதில் பாதிகூட ஆகாது.

அடுப்பு இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. பீப் சத்தம் மட்டும் முன்பைவிடச் சன்னமாகிவிட்டது, பஸருக்குள் ஏதோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. முன்பெல்லாம் அது போட்ட கூச்சலுக்கு, அதை நான் பழுதுக் கணக்கில் சேர்க்கவில்லை.