டெபியனா, ஆர்ச்சா: பேட்ச் வந்ததா என்பதை எந்த எண் சொல்லும்?

டெபியன், ஆர்ச் இரண்டும் லினக்ஸ் வகைகள். சர்வருக்கு டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளையே எடுத்தேன். அதற்குப் பெரிய காரணம் பேக்கேஜ்களின் (நிறுவும் மென்பொருள் பொதிகளின்) பதிப்பு எண்: ஓட்டையை அடைக்கும் திருத்தமான பேட்ச் வந்ததா என்பதை அது சொல்லிவிடும்.

ஆர்ச்சில் எண் எளிது. மூல மென்பொருளின் எண், ஒரு கோடு, பிறகு அதை ஆர்ச்காரர்கள் எத்தனையாவது முறை பேக்கேஜாகக் கட்டினார்கள் என்பது. பெரும்பாலும் அவ்வளவுதான்.

டெபியன் எண்ணைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். தூரத்து மெஷினில் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளுக்கு டெபியன் 12-இல் வந்த எண் ஒன்று: 1:9.2பி1-2+டெப்12யு3. முன்னால் உள்ள 1 எபாக். எண் போடும் முறை மாறினாலும் வரிசை குழம்பாமல் இருக்க வைப்பது. 9.2பி1 மூலத்தின் எண். கோட்டுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் டெபியனின் கைவேலை, அதில் கவனிக்க வேண்டியது கடைசியில் தொங்கும் யு3.

2024 ஜூலையில் சிவிஇ-2024-6387 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டை இதில் வெளியே வந்தபோது மூலத்தில் அதை அடைத்தது 9.8. வெறும் 9.2-ஐப் பார்க்கிற, ஓட்டை தேடும் ஸ்கேனர் "பழசு, ஆபத்து" என்று கத்தும். ஆனால் டெபியன் பேட்சை மட்டும் எடுத்து 9.2-இலேயே ஒட்டிவிட்டது, யு2 என்றால் ஓட்டை இருக்கிறது, யு3 என்றால் அடைத்தாயிற்று. சந்தேகம் இருந்தால் டெபியனின் பேக்கேஜ் கருவியான ஆப்டில் சேஞ்ச்லாக் கட்டளை அடித்து என்ன மாற்றினார்கள் என்று படித்துக்கொள்ளலாம். செட்டிங் எதுவும் அசையாது, பராமரிப்பில் எனக்கு வேண்டியது இதுதான்.

ஆர்ச்சில் அதே அடைப்புக்காக 9.8-க்கே தாவ வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பில் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சர்வர் பகுதியான எஸ்எஸ்எச்டியின் உள்ளமைப்பே மாறியதால், அப்டேட் செய்துவிட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் புது இணைப்பை அது ஏற்காது என்று ஆர்ச் தளமே அறிவிப்பு போட்டது. தூரத்தில் இருக்கும் மெஷினில் இது நடந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

சரி, ஆர்ச்சிலும் கடைசி எண்ணை அலட்சியம் செய்ய முடியாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்பு சுருக்கும் மென்பொருளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) கண்டுபிடிக்கப்பட்ட விவகாரத்தில் 5.6.1-1 கெட்டது, 5.6.1-2 சுத்தமாகத் திரும்பக் கட்டியது. டெபியன் ஸ்டேபிளை அது தொடவே இல்லை, புதுப் பேக்கேஜ்கள் முதலில் வரும் அன்ஸ்டேபிளில்தான் 5.6.1+ரியலி5.4.5 என்று ஒரு விநோத எண் வந்தது: பெயருக்கு 5.6.1, உள்ளே 5.4.5. எண் குறைந்தால் ஆப்ட் அதை அப்டேட்டாகவே எடுத்துக்கொள்ளாது, அதற்காக இந்த வேஷம்.

லேப்டாப்பில் இன்னும் ஆர்ச்தான், அங்கே குறை ஒன்றுமில்லை. சர்வரில் அதை நீண்டகாலம் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை, அப்படி ஓட்டுகிறவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.