ஏடிமெகா 328பி-யில் சி மொழி: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிய வந்தவை

மைக்ரோகன்ட்ரோலரை சி மொழியில் புரோகிராம் செய்யப் பழகுபவருக்கு முதல் சிப் எது என்று கேட்டால், பதில் இன்றும் ஏடிமெகா 328பி-தான். 8 பிட் சிப். 32 கேபி ஃபிளாஷ், 2 கேபி ரேம். இன்றைய கணக்கில் மிகச் சிறியது, அதுவே இதன் பலமும்கூட. ஒரு பின்னை அவுட்புட் ஆக்க ஒரு ரெஜிஸ்டரில் (சிப்பைக் கட்டுப்படுத்தும் உள் நினைவு இடம்) ஒரு பிட்டை 1 ஆக்கினால் போதும். எழுதும் ஒவ்வொரு வரியும் சிப்பில் என்ன செய்கிறது என்று டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவர ஆவணம்) விரித்து வைத்துச் சரிபார்க்கலாம். பெரிய சிப்களில் ஆரம்பத்திலேயே இந்தத் தெளிவு கிடைக்காது.

வருடக்கணக்கில் இதைப் பயன்படுத்தினால் ஒன்று புரியும். தொடக்கத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலானவை சி மொழியைச் சேர்ந்தவை அல்ல. மின் இணைப்பும், சிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பான கிளாக்கும்தான் ஆளைச் சுற்றவிடும்.

அர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டு கையில் இருந்தால் இணைப்பு வேலை மிச்சம். அதில் இருப்பது இதே சிப், கிளாக் துடிப்பைத் தரும் 16 மெகாஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டரோடு. அர்டுயினோ நூலகத்தைத் தொடாமல் தனி சி-யிலேயே அதற்கு எழுதலாம். ஆனாலும் 28 பின் கொண்ட தனிச் சிப்பை ஒரு முறையாவது பிரெட்போர்டில் செருகிப் பார்ப்பது நல்லது. 7, 20 ஆகிய இரண்டு பின்களுக்கும் 5 வோல்ட். 8, 22 இரண்டும் கிரவுண்ட். 20-ஐ அனலாக் வேலைக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். சி போர்ட்டின் 0 முதல் 3 வரையான பின்களும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. விட்டால் அவை விசித்திரமாக நடந்துகொள்ளும். 7-8 இடையே ஒன்று, 20-22 இடையே ஒன்று என 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டு, சிப்பை ஒட்டியே வைக்க வேண்டும். இவை இல்லாமலும் எல்இடி மின்னும், அதனால் தவறு தெரியாது. ரிலேயோ மோட்டாரோ சேர்க்கும் நாளில் சிப் காரணமில்லாமல் ரீசெட் ஆகத் தொடங்கும். ரீசெட் பின்னான 1-இலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோஓம். எல்இடிக்கு 330 ஓம். சிவப்பு எல்இடி என்றால் சுமார் 9 மில்லிஆம்பியர் ஓடும், பின்னுக்குச் சுமை இல்லை. நீளமான பிரெட்போர்டு சிலவற்றில் மின்சார வரிசை நடுவில் துண்டாகியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மென்பொருள் பக்கம் எளிது. ஏவிஆர்-ஜிசிசி கம்பைலர், ஏவிஆர்-லிப்சி நூலகம், சிப்பில் ஏற்ற ஏவிஆர்டியூட். கம்பைல் செய்து, ஹெக்ஸ் கோப்பாக மாற்றி, யூஎஸ்பி-ஏஎஸ்பி புரோகிராமர் வழியாக ஏற்றுவது: மூன்றே படிகள். எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் கம்பைலர் தேர்வை முதல் நாளிலிருந்தே போட்டு வையுங்கள். ஆப்டிமைசேஷனை அணைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் டிலே நூலகத்தின் நேரக் கணக்கே தப்பிவிடும்.

இனி கிளாக். கடையிலிருந்து வரும் புதிய சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்: உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை ஒரு ஃபியூஸ் (சிப்பின் அடிப்படை அமைப்பைத் தீர்மானிக்கும் பிட்) எட்டால் வகுக்கிறது. எங்கிருந்தோ எடுத்த கோடில் எஃப்_சிபியூ (கிளாக் வேகத்தைக் கம்பைலருக்குச் சொல்லும்) மதிப்பு 16 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால், ஒரு நொடி டிலே 16 நொடியாக நீளும். அதனால் எல்இடி மின்னினால் மட்டும் போதாது. பத்து முறை மின்ன எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனை அடுத்து வரும் பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

சீரியலில், அதாவது கணினிக்குத் தகவல் அனுப்பும் இணைப்பில், குப்பை எழுத்து வருவதற்கும் காரணம் பெரும்பாலும் இதே கிளாக்தான். 1 மெகாஹெர்ட்ஸில் சாதாரண முறையில் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வைத்தால் பிழை 7 சதவீதம், எழுத்து சிதையும். இரட்டை வேக பிட்டை 1 ஆக்கி, பாட் ரெஜிஸ்டரில் 12 போட்டால் பிழை 0.2 சதவீதமாகக் குறையும். ஆனால் உள் ஆசிலேட்டரே துல்லியமானது அல்ல. சீரியல் நம்பகமாக வேண்டுமென்றால் 9, 10 பின்களில் கிரிஸ்டலும் 22 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் இரண்டும் வைத்துவிடலாம்.

புரோகிராமரின் வேகமும் கிளாக்கோடு கட்டுப்பட்டது. அது சிப்பின் கிளாக்கில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழ் இருக்க வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழ். யூஎஸ்பி-ஏஎஸ்பி வழக்கமாக 375-இல் பேசும். சிப் பதில் தரவில்லை என்று பிழை வந்ததும் வயரைப் பிடுங்கிச் செருகும் முன், ஏவிஆர்டியூடில் பெரிய பி தேர்வுக்கு 10 கொடுத்து வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

ஃபியூஸ் மாற்றும்போது மட்டும் பதற்றமில்லாமல், ஒவ்வொரு பிட்டாகப் பார்த்து எழுத வேண்டும். கிரிஸ்டல் இல்லாமல் கிரிஸ்டல் ஃபியூஸைப் போட்டால் சிப் ஊமையாகும், ஆனால் சாகாது. ஒரு கிரிஸ்டலைத் தற்காலிகமாக வைத்தால் மறுபடி பேசும். ரீசெட் பின்னை முடக்கும் ஃபியூஸ் அப்படியல்ல. அதை மீட்க 12 வோல்ட் புரோகிராமர் தேவை. தொடக்கத்தில் ஹை ஃபியூஸ் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம்.

சி மொழியில் கணினிப் பழக்கம் காலை வாரும் இடம் இன்ட் என்ற முழு எண் வகை. இங்கே அது 16 பிட். 60-ஐ 1000-ஆல் பெருக்கினால், விடையை 32 பிட் லாங்கில் வைத்தாலும், கிடைப்பது மைனஸ் 5536. எண்ணின் முடிவில் யூஎல் சேர்க்க வேண்டும். இன்டர்ரப்டும் (ஓடும் புரோகிராமை இடையில் நிறுத்திப் புகும் பகுதி) மெயினும் பகிரும் மாறிக்கு, ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் வோலடைல் கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது. 16 பிட் மாறியை இந்தச் சிப் இரண்டு தவணையாகப் படிக்கிறது. 255 என்ற மதிப்பின் கீழ் பைட்டைப் படித்த கணத்தில் இன்டர்ரப்ட் வந்து அதை 256 ஆக்கினால், கைக்கு வருவது 511. அரிதாகவே நடக்கும், அதனாலேயே கண்டுபிடிக்க மிகக் கடினமான பிழை இதுதான். படிக்கும் நேரத்துக்கு மட்டும் இன்டர்ரப்டை நிறுத்துவது தீர்வு. ஓர் இன்டர்ரப்டை இயக்கிவிட்டு அதற்கான ஹேண்ட்லரை எழுதாமல் விட்டால் புரோகிராம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

நீண்ட நாள் ஓட வேண்டிய கருவியென்றால் இரண்டு விஷயம். மின்சாரம் போனாலும் மதிப்பைக் காக்கும் ஈஈபிராம் நினைவகம் ஒரு இடத்தில் 1,00,000 முறை எழுதத்தான் உத்தரவாதம். நொடிக்கொரு முறை எழுதினால் 28 மணி நேரத்தில் அந்த எல்லையைத் தொட்டுவிடும். மதிப்பு மாறினால் மட்டும் எழுதும் அப்டேட் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். அடுத்தது வாட்ச்டாக்: புரோகிராம் உறைந்துபோனால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர். வாட்ச்டாகால் ரீசெட் ஆனபோது அது அணைவதில்லை. மிகக் குறுகிய, சுமார் 16 மில்லிநொடி அவகாசத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும். தொடக்கத்திலேயே அதன் ரீசெட் கொடியை அழித்து, பிறகு வாட்ச்டாகை அணைக்காவிட்டால் சிப் முடிவில்லாமல் ரீசெட் ஆகும்.

இந்தச் சிப்பின் உண்மையான குறை டீபக்கிங். வரிவரியாக நிறுத்திப் பார்க்கத் தனிக் கருவி வேண்டும். பெரும்பாலும் எல்இடியும் சீரியலும்தான் துணை. பின்களின் சிக்னலைப் பதிவுசெய்து காட்டும் 8 சேனல் லாஜிக் அனலைசர் ஒன்று இருந்தால் சுமை பாதி குறையும். புரோகிராமை நிறுத்தி மாறிகளைப் பார்க்க வேண்டிய தேவை அடிக்கடி வரும்போது, எஸ்டிஎம்32 போன்ற ஏஆர்எம் சிப்புக்கு மாறலாம். பிட் மாஸ்க், வோலடைல், டேட்டாஷீட் படிக்கும் பழக்கம் எல்லாம் அங்கேயும் கைகொடுக்கும். புதிதாக இடறுவது ஓர் இடத்தில்: அங்கே ஒவ்வொரு போர்ட்டுக்கும் டைமருக்கும் தனித்தனியாகக் கிளாக்கைத் திறந்துவிட வேண்டும். திறக்காமல் ரெஜிஸ்டரில் எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது. திரும்பப் படித்தால் பூஜ்யம்தான் இருக்கும்.