லிங்கன் படம் வாங்க: வெள்ளித் தகடா, அட்டைப் படமா?

ஆபிரகாம் லிங்கனின் காலத்திலேயே உருவான படம் ஒன்று வேண்டும் என்று தேடியபோது இரண்டு வழிகள் இருந்தன: உலோகத் தகட்டில் எடுத்த டாகுரோடைப் புகைப்படம், அல்லது சேகரிப்பாளர்கள் சிடிவி என்று சொல்லும் கார்ட் டி விசிட், அதாவது சிறிய அட்டையில் ஒட்டிய காகிதப் புகைப்படம். நான் சிடிவி பக்கம் போனேன்.

அழகில் டாகுரோடைப்தான் மேல். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேரடியாக விழுந்த படம். நெகட்டிவ் கிடையாது, ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. விலையும் அப்படித்தான். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸை 1843இல் எடுத்த தகடு 2017 ஏலத்தில் 3,60,500 டாலருக்குப் போனது. ஆனால் தகட்டில் பொதுவாகப் பெயர் இருக்காது. ‘இளம் லிங்கன்’ என்று யாராவது விற்க வந்தால், முகஜாடையை வைத்தே வாதாட வேண்டியிருக்கும். இதில் படம் இடவலம் மாறி விழும் என்பதால் அவருடைய வலது கன்னத்து மருகூட எதிர்ப்பக்கம்தான் தெரியும்.

சிடிவியில் என்னை இழுத்தது அட்டையின் பின்பக்கம். லிங்கனைப் படமெடுத்த புகைப்படக்காரர் மேத்யூ பிராடியின் ஸ்டுடியோ பெயரோ, அவருடைய நெகட்டிவ்களை அச்சிட்டு விற்ற நியூயார்க் அந்தோணி நிறுவனத்தின் பெயரோ அங்கே அச்சாகியிருக்கும். 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை அமெரிக்காவில் புகைப்படங்களுக்கு வரி இருந்தது. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு தபால்தலை போன்ற 2 சென்ட் வரி வில்லை ஒட்டி, மறுபடி பயன்படாதபடி அதன்மேல் பேனாவால் கோடு கிழிப்பார்கள். அந்த மை வில்லையைத் தாண்டி அட்டையிலும் படர்ந்திருந்தால், வில்லை பிற்பாடு ஒட்டியதல்ல என்று நம்ப இடமுண்டு. சரி, வில்லை சொல்வது விற்ற காலத்தை மட்டுமே. அன்றைக்கே படத்தைப் படமெடுத்து விற்ற திருட்டுப் பிரதிகளும் ஏராளம். அவற்றில் லிங்கனின் ஒட்டிய கன்னத்தின் நிழல் கரிய திட்டாகிவிடும். லென்ஸில் பார்த்தால் அக்காலப் படங்களின் ஆல்புமின் தாளில் (முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள்) காகித இழை தெரியும். சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால அச்சு, வாங்காதீர்கள்.

மறுபடி விற்கும்போதும் இதே பின்பக்கம்தான் பேசும். விஷயம் தெரிந்தவர் அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார்.

1860 தேர்தலில் வந்த, ஒருபுறம் லிங்கனும் மறுபுறம் அவருடைய துணை அதிபர் வேட்பாளர் ஹாம்லினும் உள்ள சிறிய இரும்புத் தகட்டுப் பேட்ஜ்களும் உண்டு. அவற்றை நான் அதிகம் கையாண்டதில்லை. வாங்குவதற்கு முன் அனுபவசாலி ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.