சிடி மெஷினோடு ஏழு வருஷம்: நைட்ரஜன் தீரும் வெள்ளிக்கிழமைகள்

வியாழக்கிழமை லேம்ப் மாற்றினேன். நான் வந்த பிறகு இது நாலாவது. கை துடைத்து முடிக்கவில்லை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பரிடமிருந்து போன்: "இதே மாடல் ஒண்ணு எங்களுக்குப் பழசா வருது, எடுக்கலாமா?" தென்னாப்பிரிக்காவில், டர்பன் லேபில் ஏழு வருஷமாக இந்த சிடி ஸ்பெக்ட்ரோமீட்டரில்தான் புரதங்களைப் பார்க்கிறேன். சிடி என்றால் சர்க்குலர் டைக்ரோயிசம்: இடப்பக்கம், வலப்பக்கம் சுழலும் ஒளியைப் புரதம் எவ்வளவு வித்தியாசமாக உறிஞ்சுகிறது என்று அளந்து, அது எப்படி மடிந்திருக்கிறது என்று சொல்லும். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

என் ஆத்திரம் முழுக்க நைட்ரஜன் மேல். செனான் லேம்ப் எரியும்போது உள்ளே ஆக்சிஜன் இருந்தால் ஓசோனாகும், ஓசோன் உள்ளிருக்கும் கண்ணாடிகளைக் கெடுக்கும். போதாததற்கு, 195 நானோமீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே வெளிச்சத்தை விழுங்கிவிடும். அதனால் லேம்ப் போடுமுன் பத்து நிமிஷம், எரியும் நேரம் முழுக்க, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் நைட்ரஜன் ஓடியாக வேண்டும். எங்களுக்கு சிலிண்டர் தீருவது வெள்ளிக்கிழமை மத்தியானம், அடுத்தது வருவது திங்கட்கிழமை. 2023-இல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு, இன்னும் கொடுமை. கரண்ட் வந்ததும் சூடான லேம்பைப் பற்றவைக்கக் கூடாது. ஆறவிட்டு, மறுபடி நைட்ரஜன் ஓட்டி, பேஸ்லைன் (புரதம் இல்லாமல் வரும் கோடு) ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருந்தால் மாணவர்களின் பாதி நாள் போய்விடும்.

ஒருநாள் காலையில் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது அந்தக் காரமான ஓசோன் வாடை. சிலிண்டர் ரெகுலேட்டரின் முள் பூஜ்யத்தில் கிடக்கிறது, லேம்ப் எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு மாணவி கவனிக்காமல் போட்டிருக்கிறாள். அவளைத் திட்டிவிட்டேன், அது தப்பு. வாயு இல்லையென்றால் லேம்பைப் பற்றவிடாமல் தடுக்கும் ஏற்பாடு எதுவும் எங்கள் மாடலில் கிடையாது. இவ்வளவு விலைக்கு விற்பவர்கள் அதை வைத்திருக்க வேண்டாமா?

எல்லாப் பழியையும் மெஷின் மேல் போடவும் முடியாது. 150 மில்லிமோலார் உப்பு போட்ட பஃபரில் (புளிப்புக் காரத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) சாம்பிளைக் கொண்டுவந்துவிட்டு "200 நானோமீட்டருக்குக் கீழே வெறும் நாய்ஸ்" என்று புகார் சொல்வார்கள். குளோரைடு அங்கே வெளிச்சத்தைத் தின்னும், டிடெக்டர் வோல்டேஜ் 700-ஐத் தாண்டும், அதற்குமேல் வரும் கோட்டை நம்பக்கூடாது. 10 மில்லிமோலார் பாஸ்பேட்டுக்கு மாற்றுங்கள், உப்பு வேண்டுமென்றால் ஃப்ளோரைடு போடுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும்.

அதே மாணவி பிறகு ரைபோநியூக்ளியேஸ் வைத்தாள், ஆர்என்ஏவை வெட்டும் ஒரு புரதம். ஒரு மில்லிமீட்டர் குவார்ட்ஸ் செல், மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம், மொத்தமே சில சொட்டு. புரதத்தின் சுருள் வடிவம் தெரியும் 222 நானோமீட்டரில் நிறுத்தி 20 டிகிரியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு டிகிரி ஏற்றினோம். 55 வரை கோடு ஏறக்குறைய அசையவில்லை. 60-ஐ ஒட்டிச் சரசரவென்று ஏறியது, புரதம் மடிப்புக் குலைந்துவிட்டது. பிறகு குளிரவிட்டோம். வெந்த முட்டை பழைய முட்டையாகாது, இது ஆனது. போன வழியிலேயே கோடு இறங்கி வந்து, புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. புரதம் எப்படி மடிய வேண்டும் என்பது அதன் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று அமெரிக்க விஞ்ஞானி ஆன்ஃபின்சன் காட்டியது இதே ரைபோநியூக்ளியேஸில்தான், 1972-இல் நோபல் பரிசும் கிடைத்தது. படித்திருந்தாள். கண்ணெதிரே பார்த்தது அன்றைக்குத்தான். டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவள், ஆயாவிடம் மட்டுமே தமிழ் பேசுவாள். லேபில் எப்போதும் இங்கிலீஷ்தான். அன்று திரும்பி, "அண்ணா, திரும்பி வந்திருச்சு" என்றாள்.

இத்தனை கொஞ்சம் சாம்பிளை வைத்து, அதைக் கெடுக்காமல், ஒரு மத்தியானத்துக்குள் இவ்வளவு சொல்லும் வேறு கருவி எங்கள் தளத்தில் இல்லை.

ஆனாலும் நண்பரிடம் எடுக்க வேண்டாம் என்றேன். நைட்ரஜன் ஜெனரேட்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினால் மட்டும் மறுபடி கேளுங்கள் என்றேன். புது லேம்ப் போட்ட மறுநாளே எங்கள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மெஷினைச் சரிபார்க்கும் காம்பர்சல்ஃபோனேட் கரைசலைக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். 290.5 நானோமீட்டரில் மேலே ஒரு முகடு, 192.5-இல் கீழே அதைப்போல் இரண்டு மடங்கு பள்ளம் வந்தால் லேம்ப் சரி. திங்கட்கிழமைதான் தெரியும்.